கழட்டி வச்ச மாத்திரை

செவ்வாக்கிழமை காலைல குளிக்கும்போதுதான் அது கைல தட்டுப்பட்டுச்சு. இடது பக்கம், ஆபரேஷன் தழும்புக்குக் கீழே, பட்டாணி சைஸ்ல ஒண்ணு. சோப்பு வழுக்கிக்கிட்டு போயிடுச்சு, விரல் மட்டும் அங்கேயே நின்னுடுச்சு. மறுபடி தடவிப் பார்த்தா. இருக்கு. கையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத் தடவினா. அப்பவும் இருக்கு. குழாயை மூடிட்டு ஈரத்தோட நின்னவ மனசுல ஒரே ஒரு விஷயம்தான் ஓடுச்சு. மாத்திரையை நிறுத்தி அஞ்சு மாசமாச்சு.

நிறுத்தினது யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாசாமாசம் ஆஸ்பத்திரி வரிசைல நின்னு மாத்திரை வாங்கிட்டு வந்து கொடுக்கற நாத்தனாருக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. வியாழக்கிழமை செக்கப். நடுவுல ஒரே ஒரு நாள்.

அவளை அந்தத் தெருவே மெஷினக்கான்னு கூப்பிடும். வீட்டோட ஒட்டின தையல் மெஷின் ரிப்பேர் கடை அவளோடது. ஒரு கதவு, ஒரு மேஜை, தலைக்கு மேல ஒரு பல்பு, அவ்வளவுதான் கடை. ஆனா சுத்துவட்டாரத்துல இருக்கற டெய்லருங்க எல்லாருக்கும் அவ கைதான் வேணும். கால்ல மிதிக்கற பழைய மெஷின், மோட்டார் மெஷின், துணி ஓரம் அடிக்கற ஓவர்லாக், எதுவா இருந்தாலும் சரி. ஒரு மெஷின் தகராறு பண்ணா அவ கன்னத்துல கையை வச்சுக்கிட்டு யோசிக்கிறவ இல்ல. ஒரு பாகத்தைக் கழட்டி வச்சுட்டு ஓட்டிப் பார்ப்பா. சத்தம் நின்னுச்சுன்னா குத்தவாளி அதுதான். நிக்கலையா, அதை மாட்டிட்டு அடுத்ததைக் கழட்டுவா. இருபத்திரண்டு வருஷமா இந்த ஒரே வழிதான், ஒரு நாளும் ஏமாத்தினதில்ல.

மார்புல புத்துநோய்னு சொல்லி ஆபரேஷன் நடந்து ரெண்டரை வருஷம் ஆகுது. கட்டியை எடுத்தாங்க, கரண்ட் வச்சாங்க, அதான் கதிர் வைத்தியம். அப்புறம் தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. உடம்புல சுரக்கற ஒரு ஹார்மோனைத் தின்னுதான் அந்த நோய் வளருதாம், அதுக்குத் தீனி போகாம இந்த மாத்திரை அடைச்சுடுமாம். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. போட ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே உடம்பு திடீர் திடீர்னு கொதிக்க ஆரம்பிச்சுது. கடைல உக்காந்திருப்பா, கழுத்துலேர்ந்து மேல குப்புன்னு ஒரு சூடு ஏறும், முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். ஓடிப்போய் ஃபேன் முன்னாடி நிப்பா. டெய்லர் கொண்டு வந்த துணியெல்லாம் பறக்கும். "என்னக்கா, புயலா?"ம்பாங்க. "ஆமா, உள்ளுக்குள்ள"ம்பா. சிரிப்பாங்க. அதையும் சமாளிச்சா. பருத்திச் சட்டை, பக்கத்துல ஒரு ஈரத் துண்டு, டீயை ஆறவச்சுக் குடிக்கறது, இப்படி.

விரல்தான் சமாளிக்க முடியல. காலைல எந்திரிச்சா பத்து விரலும் மடங்காது. மணிக்கட்டு, முழங்கால், எல்லாம் துருப் பிடிச்ச கீல் மாதிரி. வெந்நீர்ல முக்கி, ஒண்ணொண்ணா உருவிவிட்டு, மத்தியானம் ஆனாத்தான் கை அவ பேச்சைக் கேக்கும். அடி நூல் உக்கார்ற பாபின் கேஸ்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு, எள்ளு அளவு. அதைக் கால் சுத்து திருப்பினாத்தான் நூல் ஓட்டம் சரியாகும். அதைத் தொடப் போனா கை நடுங்கும். ஸ்க்ரூ மூணு தடவை கீழ விழுந்து, மூணு தடவை தரைல முழங்கால் போட்டுத் தேடினா. எந்திரிக்க முழங்கால் விடல.

போன செக்கப்ல டாக்டர் கேக்கத்தான் செஞ்சாங்க, "வேற ஏதாவது தொந்தரவு?"ன்னு. "ஒண்ணுமில்ல டாக்டர்"னுட்டு வந்துட்டா. வெளியில நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க. அதுவுமில்லாம உயிரைக் காப்பாத்திக் கொடுத்தவங்ககிட்ட போய் விரல் வலிக்குதுன்னு அழறதா? கொழுப்புன்னு நினைக்க மாட்டாங்களா?

பள்ளிக்கூடம் திறக்கற சீசன் வந்துச்சு. யூனிபார்ம் தைக்கிற பதினாலு மெஷின் வாசல்ல வரிசையா நிக்குது. அன்னிக்குக் காலைல மாத்திரையைக் கைல வச்சுக்கிட்டு அவ தனக்குத் தெரிஞ்ச வேலையைத்தான் செஞ்சா. இதைக் கழட்டி வச்சுட்டு ஓட்டிப் பார்ப்போம்.

மூணே வாரம். விரல் மடங்குச்சு. முழங்கால் கம்முன்னு ஆச்சு. சூடு கூட அடங்குச்சு. புடிச்சுட்டேன் பாருன்னு அவளுக்கு அவ்வளவு பெருமை. அடுத்த மாசம் ஆரம்பிச்சுக்கலாம்னு நினைச்சா. அந்த அடுத்த மாசம் வந்துச்சு, அதுக்கும் அடுத்த மாசம் வந்துச்சு. நாத்தனார் கொடுத்த அட்டையெல்லாம் கடைல பழைய பாபின் டப்பாக்குள்ள பிரிக்காமலே கிடந்துச்சு.

புதன்கிழமை பூரா அவ தொட்டுத் தொட்டுப் பார்த்தா. இருக்கு. டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணி கூட இல்லாம முழுங்கினா. முழுங்கிட்டு, ஏண்டி, வீடு எரிஞ்சதுக்கப்புறம் அடுப்பை அணைக்கறியான்னு தன்னையே திட்டிக்கிட்டா.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாப்ல நாத்தனார் நின்னுக்கிட்டிருந்தா. தபால் ஆபீஸ் கவுன்டர்ல வேலை அவளுக்கு. வாய் ஒரு முழம். இருபத்தஞ்சு வருஷமா அண்ணியும் அவளும் சண்டை போடாத வாரம் கிடையாது. ஆனா ஆஸ்பத்திரிக்கு மட்டும் அண்ணியைத் தனியா விட்டதில்ல. டாக்டர் ரூமுக்குள்ளயும் கூடவே வந்து நிப்பா.

"என்ன அண்ணி, மூஞ்சி கசக்கிப் போட்ட துணி மாதிரி இருக்கு?"

"தூக்கமில்ல."

"நல்லா தூங்கறீங்கன்னு அண்ணன் சொன்னாரே. போர்வையை உதறறதில்ல, எந்திரிச்சு உலாத்தறதில்லன்னு."

"நேத்துதான் தூங்கல. அதுக்கு ஒரு விசாரணையா?"

"நான் கேக்காம வேற எவ கேப்பா?" பைக்குள்ளேர்ந்து ஃபைலை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. ஒவ்வொரு சீட்டும் தேதிவாரியா அடுக்கி, கிளிப் போட்டு. அண்ணி உடம்பு அண்ணிக்குத் தெரியறதைவிட அந்த ஃபைலுக்கு நல்லா தெரியும்.

பஸ் வந்ததும் மெஷினக்கா ஏறி ஜன்னலோரமா உக்காந்தா. பஸ்லயே சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாயைத் திறந்தா. ரெண்டு தடவையும் ஜன்னலுக்கு வெளியில பார்த்து, "என்ன வெயிலு"ன்னு மட்டும் சொன்னா. நாத்தனார் மேகம் மூடிக் கிடந்த வானத்தைப் பார்த்துட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தா.

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிக்கிட்டே கேட்டாங்க. "மாத்திரை ஒழுங்கா போயிட்டிருக்கா?"

இவ வாயைத் திறக்கறதுக்குள்ள நாத்தனார் முந்திக்கிட்டா. "அதெல்லாம் கரெக்டா போயிட்டிருக்கு டாக்டர். நானேதான் வாங்கித் தர்றேன். ஒரு நாள் தவற மாட்டாங்க."

"கை கால் வலி? சூடு?"

"முதல்ல இருந்துச்சு. இப்ப எல்லாம் நின்னுடுச்சு. இல்ல அண்ணி?"

அண்ணி தலையை ஆட்டினா. ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம், அப்படி ஒரு ஆட்டல்.

"ரொம்ப நல்லது. சிலருக்கு அப்படி பழகிடும்"னு டாக்டர் எந்திரிச்சு திரைக்குப் பின்னாடி வந்தாங்க. இவ மேஜைல படுத்தா. குளிர்ந்த விரல் கழுத்துல, அக்குள்ல, அப்புறம் தழும்புக்குக் கீழே. அங்க வந்ததும் நின்னுடுச்சு. ரெண்டு விரலால அமுக்கி, உருட்டி, மறுபடி அமுக்கினாங்க.

"இது எப்பலேர்ந்து?"

"செவ்வாக்கிழமை பார்த்தேன்."

திரைக்கு அந்தப் பக்கம் நாத்தனாரோட நாற்காலி கிரீச்சுனுச்சு.

டாக்டர் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தாங்க. "பயப்படாதீங்க. கரண்ட் வச்ச இடத்துல இந்த மாதிரி வர்றது உண்டு, பல பேருக்கு ஒண்ணுமில்லாம போயிருக்கு. ஆனா ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். இன்னிக்கே எடுத்துடலாம்." அப்புறம் பேனாவை எடுத்துக்கிட்டு, நிதானமா சொன்னாங்க. "ஒருவேளை திரும்பி வந்திருந்துச்சுன்னா, மாத்திரையை விடாம போட்டும் வந்திருக்குன்னு அர்த்தம். அப்ப இந்த மாத்திரை உங்க உடம்புல வேலை செய்யலைன்னு வச்சுக்கிட்டு, இதை விட்டுட்டு அடுத்த கட்ட வைத்தியத்துக்குப் போகணும். அது இதைவிடக் கடுமையா இருக்கும். அதையும் பார்த்துக்கலாம்." சொல்லிட்டு ஃபைல்ல எழுத ஆரம்பிச்சாங்க.

மெஷினக்கா அந்தப் பேனாவையே பார்த்தா. வாரத்துக்கு நாலு பேர் அவ கடை வாசல்ல வந்து நிப்பாங்க. "நான் எதையும் தொடலக்கா, தானா நின்னு போச்சு"ம்பாங்க. உள்ள திறந்தா கத்தரிக்கோலால நோண்டின கீறல் இருக்கும், சமையல் எண்ணெய் ஊத்தின பிசுக்கு இருக்கும். அவங்க சொன்ன பொய்யை நம்பி நல்ல மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு ஒரு நாள் பூரா வீணாக்கியிருக்கா. அவங்களை அவ என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டியிருக்கான்னு அந்தத் தெருவுக்கே தெரியும். இங்க திறந்து கிடக்கறது மெஷின் இல்ல. இவ பொய்யை நம்பி இந்தம்மா எதைப் பிரிச்சுப் போடப் போறாங்களோ.

"டாக்டர், அதை எழுதாதீங்க."

"எதை?"

"விடாம போட்டேன்னு. நான் போடல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாங்க.

"அஞ்சு மாசமா போடல. நேத்து ஒண்ணு போட்டேன். அதுக்கு முன்னாடி அஞ்சு மாசம் இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழ வச்சாங்க. நாத்தனார் பக்கம் திரும்ப இவளுக்குத் தைரியம் வரல. விரலை நீட்டிக் காமிச்சா. மடக்கினா, நீட்டினா. மெஷின் ரிப்பேர், எள்ளு சைஸ் ஸ்க்ரூ, மூணு வாரத்துல கை திறந்தது, எல்லாத்தையும் மூச்சு விடாம கொட்டினா. டாக்டர் குறுக்க பேசாம கேட்டாங்க.

"வலிக்குதுன்னு போன தடவை ஏன் சொல்லல?"

"வெளியில நாப்பது பேர் உக்காந்திருந்தாங்க."

"அந்த நாப்பது பேர்ல பாதிப் பேருக்கு இதே மாத்திரை, இதே விரல்." டாக்டர் குரல் உசரல, அதுதான் சுட்டுது. "நீங்க சொல்லியிருந்தீங்கன்னா நானே மூணு வாரம் நிறுத்தச் சொல்லியிருப்பேன். வலி மாத்திரையாலதானான்னு பார்க்க நாங்களும் அப்படித்தான் செய்வோம். நின்னுச்சுன்னா அதே வேலை செய்யற வேற மாத்திரை கொடுத்திருப்பேன். அது ஒத்துக்கலைன்னா இன்னொண்ணு. நீங்க முதல் மூணு வாரம் செஞ்சதைக் கேட்டுக்கிட்டு செஞ்சிருந்தா தப்பே இல்ல. அதுக்கப்புறம் நாலு மாசம் கழட்டின இடத்தைக் காலியா விட்டுட்டீங்க."

ஒரு மெஷினை அப்படித் திறந்த வயித்தோட விட்டுட்டுக் கடையை மூடிட்டுப் போனதில்ல அவ, ஒரு நாளும்.

ஊசிக்கு வெளியில காத்திருக்கச் சொன்னாங்க. நீளமான தாழ்வாரம், சுவரோரமா இரும்பு நாற்காலி. நாத்தனார் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உக்காந்தா. ஃபைல் மடில. அதோட கிளிப்பைக் கழட்டினா, மாட்டினா, மறுபடி கழட்டினா.

"எங்க வச்சிருக்கீங்க?" கடைசில கேட்டா.

"எதை?"

"நான் வாங்கிக் கொடுத்ததை."

"கடைல. பாபின் டப்பாவுல."

"பாபின் டப்பாவுல." தலையை ஆட்டிக்கிட்டா. "மாசாமாசம் அரை நாள் லீவு. அந்த மருந்து கவுன்டர்ல ஒரு சிடுமூஞ்சி உக்காந்திருக்கான், சீட்டை ரெண்டு தடவை திருப்பிப் பார்க்காம கொடுக்க மாட்டான். ஒரு தடவை காய்ச்சலோட நின்னேன். உக்கார இடமில்ல, தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் டப்பாவுல போட்டீங்க."

"உன்கிட்ட சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மூக்கைப் பிடிச்சு வாய்க்குள்ள தள்ளியிருப்பேன்."

"அதான் சொல்லல."

நாத்தனார் திரும்பினா. கண்ணு சிவந்து கிடந்துச்சு. "டாக்டர் முன்னாடி நான் என்ன சொன்னேன்? ஒரு நாள் தவற மாட்டாங்கன்னு. நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேனே அண்ணி. என்னை எதுக்கு உங்க பொய்க்கு சாட்சியா நிக்க வச்சீங்க?"

மெஷினக்காவுக்கு அப்புறம் ஊசி குத்தினப்போ வலிச்சதைவிட அந்தக் கேள்விதான் வலிச்சுது. மரத்துப் போக மருந்து போட்டுத்தான் குத்தினாங்க, டக்குடக்குன்னு ஸ்டேப்ளர் அடிக்கற மாதிரி நாலு தடவை. முடிவு தெரிய எட்டு நாள் ஆகும்னாங்க.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்தார். பஸ் ஓட்டறவர். சாப்பாட்டுக்கு உக்காந்ததும் சொல்லிடணும்னு அவ முடிவு பண்ணிட்டா, இல்லைன்னா அவர் தங்கச்சி போன்ல சொல்லிடுவா. எதையும் மூடாம சொன்னா. அவர் கை தட்டுலயே நின்னுச்சு.

"நீ நல்லா தூங்கினியே"ன்னார்.

"ம்."

"போர்வையை உதறாம, வேர்க்காம, விடிய விடிய தூங்கினியே. உடம்பு தேறிடுச்சுன்னு நான் டிப்போல எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். தட்டை மூடி வச்சுட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டார். திட்டியிருந்தாகூட அவ பதிலுக்கு ரெண்டு கொடுத்து சமாளிச்சிருப்பா.

அந்த எட்டு நாளும் அவ கடையை ஏழு மணிக்கே திறந்தா. விரல் என்னமோ நல்லாத்தான் ஓடுச்சு, அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கல. வலி இல்லாத விரலைப் பார்த்தாலே திருட்டுச் சொத்தைப் பார்க்கற மாதிரி இருந்துச்சு. ஒரு டெய்லர், "அக்கா கை பழையபடி ஆயிடுச்சே"ன்னான். "வாயை மூடிட்டு மெஷினைத் தூக்கிட்டுப் போ"ன்னா. அவன் என்ன தப்பு சொன்னோம்னு தெரியாமலே போனான். முடிவு வரட்டும், அது வரைக்கும் எந்த மாத்திரையும் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. எப்படியும் மாத்தத்தான் போறாங்களாம். இப்ப முழுங்கறேன்னு அவ நின்னா, டப்பாவுல இருந்தும் தொடக்கூடாது.

நாத்தனார் அவகிட்ட பேசல. அண்ணனுக்கு போன் போட்டு, "ஊசி போட்ட இடத்துல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லுங்க"ம்பா. போன் ஸ்பீக்கர்ல இருக்கும், அண்ணி பக்கத்துலதான் இருப்பான்னு அவளுக்கும் தெரியும். "படலன்னு சொல்லுங்க"ம்பா இவ. "படலையாம்"பார் அவர். "கேட்டுச்சு"ம்பா அவ. நடுவுல அந்த மனுஷன் தபால்காரன் வேலை பார்த்தார்.

எட்டாவது நாள் பஸ் ஸ்டாப்புக்கு அவ தனியாத்தான் போனா. அங்க நாத்தனார் நின்னுக்கிட்டிருந்தா, கைல ஃபைலோட. ஒண்ணும் பேசல. பஸ் வந்ததும் முதல்ல ஏறி, பக்கத்துல ஒரு சீட்டுல கைப்பையை வச்சு இடம் பிடிச்சா. இவ போய் அதுல உக்காந்தா. நாத்தனார் கை ஃபைலோட ஓரத்தை மடக்கி மடக்கி நிமித்திக்கிட்டே வந்துச்சு.

டாக்டர் அவங்க உக்கார்ற வரைக்கும் கூடக் காக்க வைக்கல. "புத்து இல்ல"ன்னாங்க. "கரண்ட் வச்ச இடத்துல கொழுப்பு செத்துப் போய் கெட்டியாகி இருக்கு. அவ்வளவுதான். ஆறு மாசத்துல மறுபடி ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம்."

நாத்தனார் ஃபைலை முகத்துல வச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுதா. மெஷினக்காவுக்கு அழுகை வரல.

"சோதனைல தப்பு இருக்காதே?"

"இருக்காது. ரெண்டு பேர் பார்த்திருக்காங்க." டாக்டர் அவ முகத்தையே பார்த்தாங்க. "ஒண்ணு கேக்கறேன். அஞ்சு மாசம் மாத்திரை இல்லாமயும் ஒண்ணும் வரலையே, அப்புறம் எதுக்கு அதுன்னு உங்களுக்குத் தோணுது. சரியா?"

பிடிபட்டவ மாதிரி அவ நாற்காலில நிமிர்ந்தா. "தோணுது."

"தோணும். இந்த நோய் அஞ்சு மாசத்துல வந்து கதவைத் தட்டணும்னு இல்ல. ஏழு வருஷம் கழிச்சும் வரும். எங்கேயோ ஒரு மூலைல நாலு புத்து செல் ஒளிஞ்சிருந்தா, அதுங்க பட்டினி கிடக்கணும். அதுக்குத்தான் மாத்திரை. இந்தத் தடவை நீங்க தப்பிச்சது உங்க சாமர்த்தியமும் இல்ல, மாத்திரை தண்டம்ங்கறதுக்கு அத்தாட்சியும் இல்ல."

"என் கை போச்சுன்னா?" அவ பத்து விரலையும் மேஜை மேல விரிச்சா. "டாக்டர், எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான். உயிரோட இருந்து, ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாம, வாசல்ல உக்காந்து வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?"

"சொல்லல. கையும் வேணும், உயிரும் வேணும். அதுக்கு நீங்க என்கிட்ட சண்டை போடணும். வீட்ல உக்காந்து தனியா முடிவு எடுக்கக்கூடாது."

அப்புறம் அரை மணி நேரம் பேசினாங்க. வெளியில நாப்பது பேர் இருந்தாங்களோ அம்பது பேர் இருந்தாங்களோ, இந்தத் தடவை அவ அசையல. வேற மாத்திரை, அதே வேலை செய்யறது. எட்டு வாரம் பார்க்கறது. ஒத்துக்கலைன்னா மூணாவது ஒண்ணு இருக்கு, வேற வகை. எலும்பு தேய்ஞ்சிருக்கான்னு ஒரு ஸ்கேன், விட்டமின் டி பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை. தினம் அரை மணி வேகமா நடக்கணும். நடந்தா மூட்டு வலி கூடும்னு அவ வாதாடினா, நடக்காம இருந்தாத்தான் கூடும்னு டாக்டர் வாதாடினாங்க. நாத்தனார் அழுகையைத் துடைச்சுட்டு, "நடப்பாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்"னா. அண்ணிகிட்ட பேச மாட்டேன்ங்கறதை மறந்துட்டு, "சாயங்காலம் ஆறு மணிக்கு ரெடியா இருங்க"ன்னும் சேர்த்துக்கிட்டா. விரலுக்கு ஒரு நர்ஸ் பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க, ஒரு போன் நம்பரும் கொடுத்தாங்க. வலி எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போட்டு எழுதி வைக்கணும். அஞ்சு தாண்டுச்சுன்னா போன் பண்ணணும். மாத்திரையைத் தொடக்கூடாது.

"போட மறந்தா?"

"மறந்தா போன் பண்ணுங்க."

"போடப் பிடிக்கலைன்னா?"

"அதுக்குத்தான் முக்கியமா பண்ணணும்"னாங்க நர்ஸ்.

கடைக்கு ஒரு போர்டு எழுதினா. காலை பத்து மணிக்கு முன்னாடி மெஷின் வாங்கறதில்ல. டெய்லருங்க குதிச்சாங்க. "பண்டிகை சீசன்ல பத்து மணியா? நாங்க என்ன பாக்கு மென்னுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" "மெல்லு. பல்லாவது வேலை செய்யட்டும்"னா. சின்ன ஸ்க்ரூ வேலையெல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளினா. காலைல பெல்ட் மாத்தறது, தூசி தட்டறது, எண்ணெய் விடறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கு மேல தடியா துணி சுத்தி, விரல் மடங்காமயே பிடிக்கற மாதிரி பண்ணிக்கிட்டா.

புது மாத்திரை ஆரம்பிச்சு முதல் மூணு வாரம் பரவாயில்ல. வலி மூணு, நாலுன்னு நோட்டுல ஏறி இறங்குச்சு. சூடு திரும்பி வந்துச்சு, ஃபேனும் திரும்பி வந்துச்சு. நாலாவது வாரம் ஒரு காலைல அவ எந்திரிச்சப்போ வலது கட்டை விரல் அடில வீங்கிக் கிடந்துச்சு. பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியல. வெந்நீர்ல கையை முக்கினா, உருவிவிட்டா, பயிற்சி பண்ணா. ஒண்ணும் ஆகல. வாசல்ல ஒரு டெய்லர் போர்டைப் படிச்சும் படிக்காத மாதிரி ஓவர்லாக் மெஷினோட நிக்கறான்.

மாத்திரை அட்டை அடுப்படி மேடைல இருந்துச்சு. அன்னிக்கு உள்ளது இன்னும் பிரிக்கல. அவ அதைப் பார்த்தா. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் இதை விட்டா இந்த வீக்கம் வத்திடும். எப்படி வத்தும்னு அவளுக்கு நாள் கணக்கோட தெரியும். வீட்டுக்காரர் சட்டைப் பித்தான் போட்டுக்கிட்டே ஓரக்கண்ணால பார்க்கறார்.

இடது கையால அட்டையைப் பிடிச்சு, பல்லுல கடிச்சுப் பிரிச்சு மாத்திரையை முழுங்கினா. அதே கையால போனை எடுத்தா. நாலு தடவை அடிச்சதுக்கப்புறம்தான் நர்ஸ் எடுத்தாங்க.

"என்னம்மா, மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"ஐயோ, போட்டாச்சு, இப்பத்தான் போட்டேன். வலிக்குதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"எவ்வளவு?"

"எட்டு. கட்டை விரல் வீங்கியிருக்கு. பிரஷ் பிடிக்க முடியல. எனக்கு இது ஒத்துக்கல, டாக்டர்கிட்ட சொல்லுங்க, எட்டு வாரம்னாங்க, நாலுதான் ஆகுது, மீதி நாலு வாரத்துக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"வெள்ளிக்கிழமை வர்றீங்களா? காலைல பத்தரைக்கு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எப்படித் தாங்கறது? நாளைக்கே போடுங்க."

நர்ஸ் ஏதோ காகிதத்தைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு. "நாளைக்கு ரொம்பக் கூட்டமா இருக்கும்மா. காத்திருக்கணும்."

"இருக்கட்டும். நான் உக்காந்திருக்கேன்"னு சொல்லிட்டு, வாசல்ல நிக்கறவனைப் பார்த்து, "நாளைக்குக் கடை இல்ல, எடுத்துட்டுப் போ"ன்னு கத்தினா.